நலம் விசாரிப்பவன்

ஜூலை 1941, வியாழன் இரவு

அண்ணனைக் கொன்றவனைக் கதாநாயகன் பழிவாங்கும் காட்சிக்கு நான் நான்கு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். படமுதலாளி இன்று அதைப் படித்துவிட்டு, "இப்படியாய்யா ஒருத்தன் கத்திக்கிட்டே இருப்பான்? நம்பவே முடியலையே" என்றார்.

உடனே எதிர் மேஜை தாமஸ் வாயைத் திறந்தான். எங்கள் கதை இலாகாவுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் முதலாளிக்கு அவன் "நம்ம தாமஸ்". ஆறு வருஷமாக இருக்கும் என் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

"கத்தவே வேணாம் சார். தினம் காலையில எதிரியைப் பார்த்துச் சிரிக்கட்டும். 'குழந்தைக்கு ஜுரம் விட்டுச்சா'ன்னு கேக்கட்டும். இல்லைன்னு பதில் வந்ததும் கேட்டவன் முகத்துல சின்னதா ஒரு சந்தோஷம். அது போதும்."

முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். என் நான்கு பக்கமும் குப்பைக்கூடைக்குப் போயின. "இதை எங்கய்யா பிடிச்சே?"

"பக்கத்துலயே பார்த்தது சார்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் மகளுக்குப் பத்து நாளாக ஜுரம். தினமும் முதலில் விசாரிப்பவன் நான்தான். நாளை விசாரிக்காவிட்டால் ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

விசாரித்துவிடலாம். முகத்தை என்ன செய்வது?