தொட்டால்தான் இடம்

செவ்வாய். மழை விடவில்லை.

கொழும்பிலிருந்து மகன் வந்தான். இந்தப் பலாங்கொடை வீட்டை விற்றுவிட்டு என்னைத் தன்னோடு வரச் சொல்கிறான். சாப்பிடும்போது தன் கணினி வேலையைப் பெருமையாக விளக்கினான்.

"புரோகிராம் மெமரில இடம் கேட்டா, கம்ப்யூட்டரை நடத்துற கேர்னல் உடனே சரின்னுரும்மா. அட்ரஸ் மட்டும் குடுக்கும். புரோகிராம் அதைத் தொட்டாத்தான் நெசமான இடத்தை, பேஜும்பாங்க, தேடி டேபிள்ல பதியும்."

"இடமே இல்லாட்டி?"

"ஏதாச்சும் ஒரு புரோகிராமைக் கொன்னுரும்!"

சிரிக்கிறான். இதற்கு ஒரு பட்டம் வேறு. நான் படித்த கான்வென்ட் விடுதியில் கட்டிலைப் போட்ட பிறகுதான் பிள்ளையைச் சேர்ப்பார்கள்.

"அங்க என் அறை ஜன்னல் எந்தப் பக்கம்டா?"

"நீங்க வாங்கம்மா, வந்ததும் பாத்துக்கலாம்."

வீட்டை விற்கமாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கப் போனான். அவன் வருமுன்பே நான் விரித்துவைத்த கட்டிலில்தான் இப்போது குறட்டை விடுகிறான்.