உயரம் மட்டும் பாக்கி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் என் தையல் மெஷினும் சுகமாகவே ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, பஸ் ஓட்டிய பழக்கம்தான் இன்னும் விடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தரையில் பிரேக் போடுகிறார். அக்கா குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, போகிற வருகிறவர்களை எல்லாம் கடித்து வைக்கிறது. டேப்லெட்டில் நாலு வரி தட்டாமல் இதென்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ ஆராய்ச்சிக்குப் போகும்போது உன் பழைய டேப்பை என்னிடம் கொடுத்து, உன்னுடையது தண்ணீரில் விழுந்தாலும் வேலை வீணாகாமல் இருக்க, எடுக்கிற படமெல்லாம் இதிலும் வந்து விழும்படி செய்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து மெஷினில் உட்காரும் முன் அதைத்தான் பார்க்கிறேன். சுரங்கத்தை மூடியதும் எல்லோரும் விட்டுப் போன அந்தத் தொழிலாளர் வீடுகள், துருப்பிடித்த ஆணி, காலண்டர் தொங்கிய இடத்தில் மட்டும் நிறம் மங்காத சுவர். அறையின் அளவு தெரிவதற்காக உன் சிவப்பு வெள்ளைக் கோலை எல்லாப் படத்திலும் சுவரில் சாய்த்து வைத்திருப்பாய். கூட வந்த உன் சிநேகிதி, அந்தக் கண்ணாடிக்காரி, காய்ச்சலோடு ஊர் திரும்பிய பிறகு நீ தனியாகத்தான் வேலை செய்கிறாய், டேப்பை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நீயே போய்ப் படத்தில் நிற்கிறாய். வெயிலில் திரையே தெரியமாட்டேங்குதும்மா, எடுத்தத அப்படியே அனுப்பிடறேன், வந்து நிதானமா பாத்துக்கறேன் என்று போனில் சொன்னாய். நீ பார்க்காததை எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ தனியாக நிற்கும் அந்தப் படங்களில் கோல் சுவரைத் தொடவே இல்லை, உன் பக்கத்தில் நடுத்தரையில் ஒரு பிடிமானமும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. கண்ணாடிக்காரிதான் திரும்பி வந்து உன் பின்னால் ஒளிந்துகொண்டு பிடிக்கிறாள், அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தானே என்று நினைத்து அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். ஆன்ட்டி, நான் இன்னும் போர்வைக்குள்ளதான் கிடக்கேன், அந்தக் கோல் அடியில உருண்டையா இருக்கும், தானா நிக்கவே நிக்காது என்றாள். அப்பாவிடம் காட்டினால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்தார். பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார், ரேடியோவை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கடுத்த வீட்டில் கோல் உன் முதுகுக்குப் பின்னால் படுக்கை வசமாக இருந்தது, தோளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அடுத்த வீட்டில் மார்புக்கு நேராக வந்தது. நேற்று வந்த படத்தில் இடுப்பில். நீயோ பள்ளிக்கூடத்தில் படத்துக்கு நிற்பது போல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராகப் பார்க்கிறாய். எத்தனை பேருக்கு அளவு எடுத்த கை இது, எனக்குத் தெரியாதா கண்ணு. தோள், மார்பு, இடுப்பு என்று எடுத்துக்கொண்டு வந்து உயரத்தை எப்போதும் கடைசியில்தான் எடுப்பேன், அதற்குள் ஆள் அசையாமல் நிற்கப் பழகியிருப்பார்கள். உனக்கு இப்போது உயரம் மட்டும்தான் பாக்கி. அளவு எடுக்கிறவர்கள் யாரும் சும்மா எடுப்பதில்லை.

இடிப்பதற்கு முன்னால் எல்லா வீட்டையும் முடித்தாக வேண்டும் என்று உன் பேராசிரியர் சொல்வார், சொல்லட்டும். மெஷினை மிதித்து மிதித்து உன்னைப் படிக்க வைத்தவள் நான், எனக்கு மட்டும் நீ பட்டம் வாங்குவதைப் பார்க்க ஆசை இல்லையா, ஆனாலும் அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றால் நிற்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ வந்துவிடு. டேப்பில் எழுதினால் உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர்களும் படித்துவிடுவார்கள், போனில் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர்களும் கேட்டுவிடுவார்கள், அதனால்தான் முன்பு அப்பாவோடு பஸ் ஓட்டி இப்போது அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தெருவில் நின்று படி, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகாதே. மூட்டையை எடுக்க உள்ளே போனாலும் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்காதே, குனிந்து நட, அசைந்துகொண்டே இரு. கோலை அங்கேயே போட்டுவிட்டு அவர் லாரியிலேயே ஏறி வா. உனக்கு எது வேண்டுமானாலும் நான் தைத்துத் தருகிறேன், வேறு யாரும் தைக்க வேண்டாம்.

நூறு வயசு நன்றாக இரு என் தங்கமே. காதை மூடிக் கட்டிக்கொள், லாரியில் காற்று அடிக்கும்.

உன் அளவை மனப்பாடமாக வைத்திருக்கும்
அம்மா

பி.கு. உறைக்குள் வைக்கும்போது இன்னொரு படம் வந்திருக்கிறது. கோலை ஒழுங்காகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. நீ படத்தில் இல்லை. சாப்பிட வெளியே போயிருப்பா என்கிறார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உறையை ஒட்டுகிறேன்.