பாஸுக்கு முன் ஒரு தயக்கம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். துவைத்தது எதுவும் காயவில்லை. சால்ட் லேக் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் பாதி உடம்பு ஈரம்.

வாங்க: தோசை அரிசி, கறிவேப்பிலை, வெ.க்கு பி.பி. மாத்திரை.

சனி, ஞாயிறு கிளப்பில் தேர்வு ஆட்டம். டெல்லி பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிக்கு ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். வெ.யும் நானும், இல்லாவிட்டால் மித்ரா சகோதரர்கள். போன வருஷம் எங்களைக் கழற்றிவிட்டது வெ.க்கு இன்னும் ஆறவில்லை. தோசையைப் பிய்க்கும்போதும் அதே பேச்சு. புருஷனாக இருக்கும்போது பேசாத மனுஷர், பார்ட்னராக இருக்கும்போது வாய் மூடுவதில்லை.

ஜூலை 10, வியாழன்

டாலிகஞ்ச் கிளப்பில் பயிற்சி. இவர்கள் முரி என்கிற பொரி, பேகுனி என்கிற கத்தரிக்காய் பஜ்ஜி, அளவுக்கு மீறி டீ. நெஞ்செரிச்சல்.

எதிராளிகள் ஏலம் எடுத்தால் முதல் சீட்டை இறக்குவது பாதி நேரம் என் தலையில் விழும். யார் கையும் மேஜையில் விரிந்திருக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற வேலை. இன்று மூன்று தடவை சரியாக இறக்கினேன். கேப்டன் தேபு தா எழுந்து நின்று, “பௌதிர் லீட்! தாருண்!” என்றார். நான் இறக்கிய முதல் சீட்டு பிரமாதமாம். இங்கே எல்லோருக்கும் நான் பௌதி, அண்ணி. கொஞ்ச நாளாகவே இந்தப் பாராட்டு. பிடித்திருக்கிறது. ஆபீஸில் யார் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள்?

வெ. சிரித்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால்தான் மனசு அடங்கும்.

கடைசி ஆட்டம் வரை கிட்டத்தட்டச் சமம். பெரிய மித்ரா ஒரு நோ டிரம்ப், அதாவது துருப்பில்லாத ஆட்டம், கேட்டார். நான் பாஸ். சின்னவர் நேரே மூன்று நோ டிரம்ப். ஒன்பது பிடி எடுப்போம் என்று பந்தயம். வெ. பாஸ் வைத்தால் ஏலம் முடிந்தது. அவர் கை ஏல அட்டைகள் இருக்கும் பெட்டிக்குப் போயிற்று. நின்றது. மேலே ஃபேன் சத்தம். பெரிய மித்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம்தான் பாஸ் என்கிற பச்சை அட்டை வெளியே வந்தது.

என் கையில் இஸ்பேட்டில் ஐந்து சீட்டு, ராணியோடு. ஆட்டின் வெறும் இரண்டு, ஏழும் நாலும். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் இஸ்பேட் என்றுதான் சொல்லும். ஆனால் வெ. தயங்கியதைப் பார்த்துவிட்டேனே. அவரிடம் ஏதோ ஒரு வகை கனமாக இருக்கிறது; என்னிடம் குறைவு ஆட்டின், ஆக அதுதான். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பார்ட்னரின் தயக்கம் காட்டிக்கொடுக்கிறதைப் பயன்படுத்தக் கூடாது. பிரிட்ஜில் அது சட்டம். ஆட்டின் ஏழைத் தொட்டேன். விட்டேன்.  இஸ்பேட் ஆறை இறக்கினேன்.

பெரிய மித்ராவிடம் இஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி. அல்வா சாப்பிடுகிற மாதிரி ஒன்பது பிடி. வெ. கையில் ஆட்டின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கூட ஒரு குட்டிச் சீட்டு. நான் அதை இறக்கியிருந்தால் முதல் ஐந்து பிடியும் எங்களுக்கு. அவர்கள் தோற்றிருப்பார்கள்.

மெட்ரோவில்:

“ரெண்டு ஆட்டின் வச்சிருந்தியே. போட வேண்டியதுதானே?”

“எதை வச்சுப் போடுவேன்?”

“அவ்வளவு நேரம் யோசிச்சேனே உமா. பின்ன எதுக்குன்னு நினைச்சே?”

“வேணும்னே பண்ணீங்களா?”

“புதுசாக் கேக்கறே. ஆறு மாசமா இப்படித்தானே ஓடுது. நீயும் கப்புனு புரிஞ்சுக்கிட்டுப் போட்டே.”

பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். தமிழ் தெரியாது, நல்லவேளை.

ஜூலை 13, ஞாயிறு, காலை

தூக்கமில்லை. பால் பொங்கி வழிந்தது, துடைக்கவில்லை.

பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறேன். ஹோலிக்கு மறுநாள் ஒற்றைக் கிளாவரை இறக்கினேனே, அது நான் கண்டதா? அவர் தயங்கினாரா? தயங்கினார் என்றுதான் நினைவு. இங்கே புத்தாண்டான பைசாக் முதல் நாள் ஆட்டத்தில்? தெரியவில்லை. எது என் மூளை, எது அவர் விரல் என்று பிரிக்க முடியவில்லை. அவமானமாக இருக்கிறது. அவர் மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம்.

சொல்லிவிட்டேன். “இன்னைக்கு ஒவ்வொரு பாஸும் ஒரே மாதிரி வைக்கணும். இல்லைன்னா நான் வரலை. தேபு தாகிட்ட காரணத்தையும் சொல்லிடுவேன்.”

“அப்ப டெல்லி?”

“போனாப் போகுது.”

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: “நான் இல்லாம ஒரு லீட் போட்டுடுவியா நீ?”

 குடை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு, இரவு

அவர் வாக்கை மீறவில்லை. எல்லா பாஸும் ஒரே வேகம். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று விட்டதைப் பாதிக்கு மேல் பிடித்துவிட்டோம். மீண்டும் கடைசி ஆட்டம், மீண்டும் என் முதல் சீட்டு. மித்ராக்கள் நாலு இஸ்பேட் கேட்டார்கள், பத்துப் பிடிக்கு; இஸ்பேட்தான் துருப்பு. அவர்களைத் தோற்கடித்தால் டெல்லி. எதிரே ஒரு சைகையும் இல்லை. இவ்வளவு தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.  கிளாவரா, டைமனா? யோசித்து, யோசித்து, டைமன் ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன டைமனை இறக்கினேன்.

தப்பு. அவர்களிடம் ஏஸும் ராணியும். கிளாவர் என்றால் ஜெயித்திருப்போம். மித்ராக்கள் டெல்லிக்கு. தேபு தா தோளைத் தட்டினார், “பௌதி, ஆஜ் லீட்டா ஹோலோ நா.” இன்று லீட் அமையவில்லையாம்.

மெட்ரோவில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றோம். திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“ஏன் டைமன் போட்டே?” என்றார்.

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இந்த ஆறு மாசத்தில் ஒரு லீடுக்கும் என்னிடம் காரணம் கேட்டதில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் காளிகாட் ஸ்டேஷன் வந்தும் முடியவில்லை.