பதிலுக்கு விட்ட இடம்

இந்த வாரப் பத்திரிகை மேஜைமேல் கிடக்கிறது. மூன்றாம் பக்கத்தில், உன் பத்தி வரும் இடத்தில், நம் எம்.எல்.ஏ. கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். மூலையில் தபால்தலை அளவுக்கு உன் படம். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று கொட்டை எழுத்து. செத்தது யார் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை. கசக்கி எறிந்தேன். உன் முகம் அதில் இருக்கிறதே என்று பிறகு எடுத்து நீவி வைத்தேன். மை இன்னும் கையில் ஒட்டுகிறது.

வயிறு எரிகிறது எனக்கு. பத்தியின் இடத்தை விளம்பரத்துக்கு விற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்குக் கீழே நீ விடுவாயே ஒரு கட்டம், அதையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அவருக்கே போன் போட்டு முழுதும் வாசித்துக் காட்டுவது உன் வழக்கம். பிரேசர் டவுன் அலுவலகத்தில் உன் மேஜைக்கு எதிரில் என் மேஜை. செய்தியையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுவது என் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே குரலில், அமைச்சரானாலும் அவர் காதுபடவே கிழிப்பாய். அவர் சொல்லும் பதில் ஓர் எழுத்து மாறாமல் பத்திக்குக் கீழே 'பதில்' என்ற கட்டத்தில் வரும். பதில் இல்லையென்றால் கட்டம் காலியாக வரும். "முதுகுக்குப் பின்னால திட்டறது யாருக்கும் வரும்ப்பா" என்பாய்.

அரசியல்வாதிகள் உன் எழுத்தைவிட அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஒரு முறை ஓர் அமைச்சரின் உதவியாளர், "மேடம், வெறும் பொட்டியா மட்டும் விடாதீங்க, 'வணக்கம்'னாவது போட்டுக்கோங்க" என்று கெஞ்சினார். நீ 'வணக்கம்' என்றே போட்டாய். அந்த வாரம் ஊரில் அதுதான் பேச்சு.

காவிரித் தண்ணீர்ச் சண்டை கிளம்பும்போதெல்லாம் நீ இரண்டு பக்கத்தையும் விட்டதில்லை. "அங்க ஒருத்தர் மீசையை முறுக்குவாரு, இங்க ஒருத்தர் முறுக்குவாரு. ஷட்டரை இறக்கிட்டு உள்ள உட்கார்றது இங்க இருக்கிற தமிழங்க நாம" என்று எழுதினாய். எல்லை தாண்டி வந்து 'என் தமிழ்ச் சொந்தங்களே' என்று மேடையில் கண்கலங்கிய தலைவருக்குப் போன் போட்டு, போன பந்த் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாய். ஓட்டு கேட்கும்போது மட்டும் தமிழ் பேசுகிற இங்குள்ளவர்களையும் சும்மா விடவில்லை. தமிழ்த் துரோகி என்று ஒரு கடிதமும் கன்னட விரோதி என்று ஒரு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் ஒரே ஊசியில் குத்திச் சுவரில் மாட்டிவிட்டு, சமோசா வாங்கிவரச் சொன்னாய்.

உன் கடைசிப் பத்தி இன்னும் அச்சேறவில்லை. செல்வி இருந்த வரிசை வீடுகளைப் பற்றியது. தெருப் பெருக்கும் செல்வியையும் அக்கம்பக்கத்தாரையும், இதை இடித்து அதே இடத்தில் புது அடுக்குமாடி கட்டித் தருகிறோம், அதுவரை இருங்கள் என்று ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கட்டடம் எழும்பியது. சாவி வாங்குகிறவர்களின் பட்டியல் உன் கைக்கு வந்தபோது, அதில் பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லை. எல்லாம் கட்சிக்காரர்களின் மச்சான், கொழுந்தியாள். நீ வியாழக்கிழமை எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டு வாசித்தாய். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். லிஸ்ட்டை நானே சரி பண்றேன். நம்ம ஜனங்கதானே" என்றார்.

கொடுத்தாய். பத்தியை நிறுத்திவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன்னை அடக்கம் செய்தோம். எம்.எல்.ஏ. பெரிய மாலையோடு வந்து முன்வரிசையில் நின்றார். புதன்கிழமை மேளதாளத்தோடு சாவி கொடுத்தார், மச்சான்களுக்கும் கொழுந்தியாள்களுக்கும். உன்னைப் புதைத்த மண் காய்வதற்குள். முதலாளியிடம் பத்தியை நீட்டினேன். "இறந்தவங்க பேர்ல எதுக்கு வம்பு, விடுங்க" என்று விளம்பரத்தை என்னிடம் தந்தார்.

நேற்று பஸ் பிடித்து ஆனேக்கல் போனேன். தகரத்தின் சூட்டில் செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அக்கா எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுனாங்கண்ணா. என் பேரு நாலு வாட்டி வந்துச்சு" என்றாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தாளுக்கு ஏண்ணா ஒரு வாரம் குடுத்தாங்க? அக்கா யாருக்கும் அப்படிக் குடுக்க மாட்டாங்களே."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் கொடுத்தாய் என்று உனக்குத் தெரியும். அன்று அவர் கேட்டதும் நீ போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய். "என்னப்பா சொல்ற? எனக்கு மனசு ஒப்பல" என்றாய். "குடு, மனுஷன் சொன்னா செய்வாரு" என்றேன் நான். அவர் என்ன செய்து நான் பார்த்தேன்? என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்து ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சம்பந்தி வீட்டார் பார்க்க என் தோளில் கை போட்டு, "இவரு நம்மாளு" என்றார். அவ்வளவுதான். அதில் நான் விழுந்துவிட்டேன். இத்தனை வருடம் உன் எதிரில் உட்கார்ந்து, இவர்கள் எப்படி ஆள் பிடிக்கிறார்கள் என்று வாரா வாரம் பக்கம் கட்டியவன் நான். உன் நியாயம் செல்வியைக் கெடுக்கவில்லை. என் அற்பத்தனம் கெடுத்தது. மற்றவர்கள்மேல் இருக்கிற கோபத்தைவிட இது அதிகமாகச் சுடுகிறது.

வருகிற வாரத்துக்கு உன் பத்தியை மூன்றாம் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பக்கத்திலேயே இந்த மடலும் வருகிறது. அச்சாகி வந்த பிறகுதான் முதலாளி பார்ப்பார். அதோடு என் மேஜை காலியாகும், ஆகட்டும். இத்தனை வயதுக்கு மேல் எனக்கு மிஞ்சியிருப்பது உன் வழக்கம் ஒன்றுதான். அதன்படி இன்று எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டு, உன் பத்தியையும், இதுவரை உனக்கு எழுதியதையும் முழுதாக வாசித்தேன். உன் குரல் எனக்கு வரவில்லை. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். அவர் குறுக்கே பேசவேயில்லை. முடிந்ததும், உங்கள் பதில் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் கட்டத்தில் போட்டிருக்கிறேன்:

"அண்ணா, நான் உங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டவன்."