பசை நெருக்கிய படிகம்

அன்புள்ள ஷிகெருவுக்கு,

கனாயோ எழுதுவது. நீங்கள் தொலைபேசிக்கு வர மறுப்பதால் இதை உங்கள் அக்காவின் விடுதி ஃபேக்ஸுக்கு அனுப்புகிறேன். அக்கா கொடுத்ததும் நின்ற இடத்திலேயே படித்துவிடுங்கள்.

இங்கே செண்டாயில் பனி கொட்டுகிறது. நீங்கள் இருக்கும் அகிதா பக்கம் போகும் ரயில்கள் நின்றுவிட்டன. இல்லாவிட்டால் இந்நேரம் அங்கே வந்து உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் அளவீடு பொய்யில்லை. நீங்கள் போன பிறகு அதே செப்பு ஆக்சைடு படிகத்தை நானே குளிரூட்டிப் பார்த்தேன். மெத்தென்ற கிரீஸில் உட்கார வைத்தால் ஒகிட்சு பேராசிரியர் சொன்னதுதான் வருகிறது. எலக்ட்ரான்கள் வரிவரியாக உறைந்து நிற்கின்றன, மீகடத்தல் தலைகாட்டவே இல்லை. நீங்கள் போட்ட கெட்டிப் பசையில் ஒட்டினால் அந்த வரிகள் கலைந்து மீகடத்தல் வந்துவிடுகிறது, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது, நீங்கள் அளந்த அதே வெப்பநிலையில். பசை குளிரில் சுருங்கிப் படிகத்தை நெருக்குகிறது, அவ்வளவுதான். இரண்டு நிலைகளும் அதற்குள்ளேயே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் நெருக்கினாலே ஜெயிப்பது மாறிவிடுகிறது. பசையைச் சந்தேகிக்க நம்மில் யாருக்கும் தோன்றவில்லையே!

வரைபடத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். கூட்டத்தில் எல்லார் எதிரிலும் உங்களைப் பித்தலாட்டக்காரன் என்று சொன்ன மனிதர் அதைக் கோடு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவனை வரச் சொல்லும்மா, நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. படிகம் தானாகவே இப்படி நடக்கிறது என்று நீங்கள் கட்டுரையில் எழுதியது மட்டும் தவறுதான். திருத்திக்கொள்ளலாம்.

அக்கா நேற்று ஃபோனில் அழுதார். "தம்பி விடிஞ்சதும் கடல் பாறைக்குப் போயிடறான், இருட்டினாத்தான் வர்றான். வெச்ச சோறு வெச்சபடி இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் உங்கள் மேசைக்கு ஓடினேன். பசை எடுக்க உங்கள் இழுப்பறையைத் திறந்தபோது என் பெயர் எழுதிய உறையைப் பார்த்திருந்தேன். அதைப் பிரித்தால் உள்ளே கையெழுத்துக்குப் பதில் நீங்கள் போடும் பெயர் முத்திரை, வங்கிப் புத்தகம், கல்யாண மோதிரம். இதையெல்லாம் எனக்கு எதற்காக வைத்துவிட்டுப் போனீர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

காலையில் முதல் வண்டியை விடுவார்களாம், அதில் ஏறிவிடுவேன். வந்ததும் என்னைத் திட்டினாலும் சரி, முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சரி. கட்டுரை நாசமாய்ப் போகட்டும், எனக்கு நீங்கள் வேண்டும். நான் வந்து சேரும்வரை அக்கா பக்கத்திலேயே அடுப்பங்கரையில் உட்கார்ந்திருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நாளை ஒரு நாள் மட்டும் அந்தப் பாறைக்குப் போகாதீர்கள்.

உங்கள்
கனாயோ