கயல் வரைந்த கேலக்ஸி

தை, வெள்ளி இரவு.

நாளை மகள் கயலுக்கு முதல் திதி. படையலில் வைக்க நெய்த சேலையை இன்றுதான் தறியிலிருந்து அறுத்தேன். முந்தானையில் அவள் கல்லூரியில் வரைந்த கேலக்ஸி: நடுவே நேரான ஒரு பட்டை, அதன் இரு முனையிலிருந்தும் சுருண்டு போகும் கைகள்.

திருப்பிப் பார்த்தால் கைகள் எதிர்ப்பக்கமாகச் சுருள்கின்றன. நெய்யும்போது சேலையின் நேர்ப்பக்கம் கீழேதான் இருக்கும். டிசைன் போடும்போதே படத்தை இடவலம் மாற்றியிருக்க வேண்டும். வழக்கமாக நெய்யும் மாங்காய் டிசைனுக்கு அதெல்லாம் தேவைப்பட்டதில்லை, மறந்துவிட்டேன்.

“நாளைக்குள்ள வேற நெய்ய முடியாது, சரசு” என்றேன்.

மனைவி முந்தானையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இன்னாத்துக்குங்க வேற? அந்தாண்ட இருந்து பாத்துகினு இருக்கறவளுக்கு, அவ வரைஞ்ச மாதிரியேதான் தெரியும். நமக்குத்தான் மாறித் தெரியுது.”