கழற்றி இறக்கிய ஏர்கோன்

தோட்டத்துப் பள்ளி கேண்டீன்,
லுக்குட்.
செவ்வாய், பகல் இரண்டு மணி.

ஷாமினி அப்பாவுக்கு,

பஞ்சாலை எழுதிக்கொள்வது. உடம்பு நலம், முழங்கால் மட்டும் எதிர்க்கட்சி. நீங்கள் ஜொகூரில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்டுவிட்டேன். வாட்சாப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. நேரில் பேசலாம் என்றால் என் வாய் உங்களுக்குத் தெரியும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தத் தாளிலேயே நான்கு இடம் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.

முதலில் பள்ளிச் செய்தி. ஏர்கோன்களை மாற்றுகிறார்கள். நூலகம், கணினி அறை, ஆசிரியர் அறை, மூன்றும் பதினாறு வருடத்துக்கு முன் நீங்கள் மாட்டியவை. போன மாதம் நூலகத்தில் இருந்தது குளிர் தருவதை விட்டுவிட்டு ஒழுகிப் பாதி அலமாரி நனைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பல்லி, தலைமையாசிரியர் மாதவி டீச்சர் தோளில் விழுந்தது. பதவிக்கு மரியாதை கொடுத்து அவர் கத்தவில்லை. தோளில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரைப் புரட்டிப் பார்க்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். காலண்டரில் நல்லதுதான் போட்டிருந்தது. ஆனாலும் மறுவாரமே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம்.

புதிது வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். மண்டபமே தூக்கியது. வேண்டாம் என்பவர்கள் என்றதும் ஒரே ஒரு கை. வளையலைப் பார்த்தபிறகுதான் என்னுடையது என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டார்கள். ஒரு தடவை கழுவினால் போதும், ஷாமினி அப்பா வந்து பார்ப்பார் என்றேன். என்னோடு கேண்டீனில் வெங்காயம் உரிக்கிற ராக்கம்மாக்கா எழுந்து, பிள்ளைங்க வெந்தாலும் பரவால்ல, ஒனக்கு ஒன் வீட்டுக்காரரு வந்து போவணும், அதானே லா என்று போட்டு உடைத்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூடக் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஊரையே சிரிக்க வைக்கிறவள் நான். நடுவில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பை வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது சுட்டது. கையை எப்போது இறக்குவது என்று தெரியவில்லை.

உங்களுக்கு இது இரண்டு வருடத்துக்கு முன்பே தெரியும். சிரம்பானில் உங்கள் தங்கை மகள் கல்யாணத்தில் ஏர்கோன் நின்றுபோய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் மேசைமேல் ஏறினீர்கள். உதவி செய்ய ஏறிய மனிதர். நான் மைக்கைப் பிடுங்கிப் பந்தாட்ட வர்ணனை செய்தேன். தங்கராஜு ஏறுகிறார், வேட்டி இறங்குகிறது என்று. நானூறு பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். மறுவாரம் ஜொகூர் பஸ் ஏறினீர்கள்.

அப்புறமும் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் ஏர்கோன் கழுவ வந்தீர்கள். கழுவி முடித்து, கேண்டீனில் ஒரு கோப்பை தே குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் இருக்கிற வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனீர்கள். விடுமுறையில் கேண்டீன் எதற்குத் திறந்திருந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. தட்டு எண்ண வந்தேன் என்று காவலாளியிடம் சொல்லிவைத்திருந்தேன். எப்போது எண்ணினாலும் அதே நூற்று இருபது தட்டு.

இனி புதியதை மாட்டும் நீலாய்க் கம்பெனி ஆட்களே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கழுவுவார்களாம். வெளி ஆள் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தமாம். வெளி ஆள் என்றால் நீங்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. நேற்று மீ கோரெங் வறுக்கும்போது நூடுல்ஸில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பு முழுவதும் தண்ணீர்க் குழாயடியில் நின்றது.

நேற்றுத்தான் மூன்றையும் கழற்றினார்கள். பழைய இரும்பு லாரியில் ஏற்றும்போது, நூலகத்தில் இருந்ததை மட்டும் மாதவி டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓடாததை வைத்து என்ன செய்வீர்கள் என்றார். பல்லி வளர்க்கப் போகிறேன் என்றேன். இப்போது நம் வீட்டு வாசலில், உங்கள் பழைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி ஆள் ஒருவர், நான் செண்டாயான் போகிற வழியில்தான் உங்கள் வீடு, வந்து மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம், எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஷாமினி வியாழக்கிழமை ஆபீஸ் வேலையாக அங்கே வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள், என் மகள்தானே.

வெள்ளிக்கிழமை விடுமுறை விடுகிறார்கள். இந்தத் தடவை பள்ளியிலிருந்து உங்களைக் கூப்பிட மாட்டார்கள். நான் கூப்பிடுகிறேன். அன்றைக்கு நான் மைக்கை எடுத்திருக்கக் கூடாது. ஏர்கோன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, சுவரில் இருந்தால் போதும். வழியில் சிகாமட் பக்கம் மழையாம், பார்த்து வாருங்கள். எங்கே ஏறினாலும் கடவுள் உங்களைக் கீழே விடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கப்போகும்,
பஞ்சாலை